தும்பாவின் எஃகு: கடினமும் விரிசலும்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடலோரத் தும்பாவிலும் அதை ஒட்டிய வேளிக் குன்றிலும் 1960களில் தொடங்கிய ராக்கெட் வேலைக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது: மாதா கோயில், சைக்கிளில் கொண்டுபோன ராக்கெட் கூம்பு, கடலில் விழுந்த ஏவல், விண்ணைத் தொட்ட ஏவல். மற்றொன்று எஃகின் வரலாறு. அதற்குப் புகைப்படம் குறைவு. புத்தகங்களிலும் ஓரிரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. ஆனால் ராக்கெட் ஒரு மீட்டர் குறுக்களவிலிருந்து 2.8 மீட்டருக்கும், அங்கிருந்து 3.2 மீட்டருக்கும் வளர்ந்ததற்கு எரிபொருள் எவ்வளவு காரணமோ, அந்த எரிபொருளை அடக்கி வைத்த எஃகுத் தகடும் அதன் பற்றவைப்பும் அவ்வளவு காரணம்.

திட எரிபொருள் மோட்டாரின் உறை ஓர் அழுத்தக் கலன்தான். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டத்தை எடுத்துக்கொண்டால், எரியும்போது உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அறுபது கிலோவை ஒட்டிய அழுத்தம் எழும்புகிறது. உறையின் ஆரம் 1.4 மீட்டர், சுவரின் தடிமன் எட்டு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்தால், சுவரைச் சுற்றுவட்டமாக இழுக்கும் தகைவு ஆயிரம் மெகாபாஸ்கலைத் தாண்டிவிடும். எரிவாயுக் குழாய்க்கு இடும் நல்ல எஃகு 450 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். சுவரைத் தடிப்பாக்கித் தப்பிக்கலாம் என்றால், கூடும் ஒவ்வொரு கிலோவும் ராக்கெட்டின் சுமையிலிருந்து கழியும். எனவே எஃகு வலுவாக இருந்தே ஆக வேண்டும். வலுவான எஃகு கடினமானது. கடினமான எஃகைப் பற்றவைத்தால் வெடிக்கும். எஃகு வேலை தெரிந்த எந்தப் பட்டறையிலும் இந்த மூன்றாவது வாக்கியத்தை மறுக்க ஆள் கிடைக்காது.

காரணம் கரியில் இருக்கிறது. பற்றவைக்கும் இடத்தில் உலோகம் உருகி ஒரு சிறு குளமாகிறது. அதை ஒட்டிய தகடு உருகாமலே செஞ்சூடாகி, சுற்றியுள்ள குளிர்ந்த தகடு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் சில நொடிகளில் ஆறிவிடுகிறது. எண்ணெயில் முக்கிய கத்தியைப் போல அந்தக் குறுகிய பட்டை மார்டென்சைட் என்னும் கடின அமைப்பாக மாறும். அது எவ்வளவு கடினம் என்பதைப் பெரும்பாலும் எஃகிலுள்ள கரியின் அளவே தீர்மானிக்கிறது. இத்துடன் இன்னும் இரண்டு சேர வேண்டும். ஒன்று, ஆறிச் சுருங்கும் பற்றவைப்பு தன்னைச் சுற்றியுள்ளதை இழுக்கும் இழுவிசை. மற்றொன்று ஹைட்ரஜன். காற்றின் ஈரம், நனைந்த ஃபிளக்ஸ், ஃபில்லர் கம்பியில் ஒட்டிய எண்ணெய் என எங்கிருந்தாவது வந்து, வில்லின் வெப்பத்தில் அணுவாகப் பிரிந்து எஃகுக்குள் புகுந்துவிடும். கடினம், இழுவிசை, ஹைட்ரஜன் மூன்றும் ஓரிடத்தில் கூடினால் விரிசல் விழும். உடனே விழுவதில்லை என்பதுதான் இதில் மோசமான சங்கதி. வெல்டர் வேலையை முடித்து, மேற்பார்வையாளர் பார்த்துக் கையெழுத்திட்டுப் போன பிறகு, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து உள்ளே சத்தமில்லாமல் பிளக்கும். அதனால்தான் இவ்வகை எஃகில் பற்றவைத்து 48 மணி நேரம் கழிந்த பிறகே சோதனை செய்வது வழக்கமானது.

இந்த மூவர் கூட்டை முதலில் சட்டமாக எழுதியவர்கள் ராக்கெட்காரர்கள் அல்லர், எண்ணெய் வயல்காரர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த வாயுவை ‘புளித்த வாயு’ என்பது அந்தத் தொழிலின் வழக்கு. ஈரத்தோடு சேர்ந்த அந்த வாயு எஃகை அரிக்கும்போது ஹைட்ரஜன் அணுக்கள் பிறக்கின்றன. சாதாரணமாக அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து குமிழாகப் போய்விடும். கந்தகம் அந்தச் சேர்க்கையைத் தடுப்பதால், தனி அணுக்களாகவே எஃகுக்குள் நுழைகின்றன. 1951 டிசம்பரில் பிரான்ஸின் லாக் வயலில் துளையிட்டபோது இப்படித்தான் துளைக் குழாய்களே நொறுங்கின. மேற்குக் கனடாவிலும் அதே காலத்தில் அதே தொல்லை. அந்த அனுபவங்களிலிருந்து பிறந்ததே, ராக்வெல் சி அளவில் 22க்கு மேல் கடினமான கரி எஃகு புளித்த வாயுவுக்கு ஆகாது என்ற விதி. அமெரிக்க அரிப்புப் பொறியாளர் சங்கம் 1975இல் வெளியிட்ட எம்.ஆர்.0175 தரநிலை அதை உலக வழக்காக்கியது. குழாய்த் தகடு மட்டுமின்றிப் பற்றவைப்பும் அதை ஒட்டிய பட்டையும் அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும். பாசேன் வயலிலிருந்து குஜராத்தின் ஹசீராவுக்கு வரும் ஓ.என்.ஜி.சி.யின் கடலடிக் குழாய்களுக்கும் இதே கவலைதான். விதி இருந்தும் தவறு நேரலாம். கஜகஸ்தானின் கஷகான் வயலில் 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் குழாயில் கசிவு கண்டது. எஃகில் ஆங்காங்கே இருந்த கடினப் புள்ளிகளில் சல்ஃபைடு விரிசல் ஓடியிருந்தது. சுமார் 200 கிலோமீட்டர் குழாயை மாற்றி, மறுபடி உற்பத்தி தொடங்க 2016 ஆகிவிட்டது.

குழாய்க்காரர்களின் தீர்வு எளிது: கடினமாக விடாதே. தும்பாவில் அந்தத் தீர்வு செல்லாது. அங்கே தேவைப்பட்டது கடைசியில் ராக்வெல் சி 50ஐ ஒட்டிய எஃகு.

தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று கிளம்பியது. அது அமெரிக்காவிலிருந்து வந்த நைக்கி-அப்பாச்சி. உள்நாட்டில் செய்த முதல் ராக்கெட்டான ரோகிணி-75, நான்கு ஆண்டுகள் கழித்து 1967 நவம்பரில் பறந்தது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர். கையில் தூக்கிச் செல்லும் குழாய் என்றே சொல்லலாம். இடையே பிரான்ஸின் சென்டோர் ராக்கெட்டை உரிமம் பெற்றுத் தயாரிக்கும் ஏற்பாடும் நடந்தது. 1969இல் எரிபொருள் ஆலையும் 1971இல் ராக்கெட் உறைகளைச் செய்யும் பட்டறையும் தும்பாவில் வந்தன. விக்ரம் சாராபாய் 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் இறந்த பிறகு, அங்கிருந்த பல பிரிவுகளும் ஒன்றாக்கப்பட்டு அவர் பெயரால் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ஆயின.

அந்த மையத்தின் முதல் இயக்குநராக 1972இல் வந்த பிரம்ம பிரகாஷ் ராக்கெட் ஆளே அல்ல. லாகூரில் பிறந்த உலோகவியலாளர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உலோகவியல் துறைக்குத் தலைமை வகித்தவர். பிறகு அணுசக்தித் துறையில் யுரேனியம், ஜிர்கோனியம் என அணு உலைக்கான உலோகங்களைப் பிரித்தெடுக்கும் வேலையைக் கட்டியெழுப்பியவர். 1979 வரை வேளியில் இருந்தார். ராக்கெட் மையத்துக்கு உலோகம் அறிந்தவரைத் தலைவராக்கியது தற்செயலாக இருக்கலாம்; அதன் விளைவு தற்செயலானதல்ல. பொருளைத் தேர்ந்தெடுப்பதும் அதை நாட்டுக்குள்ளேயே உருக்க வழி பார்ப்பதும் அவர் காலத்தில்தான் ராக்கெட் வடிவமைப்பின் பகுதியாயின.

செயற்கைக்கோளை ஏற்றிச் செல்ல உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் எஃகு 15சிடிவி6. பெயர் பிரெஞ்சுத் தரப் பட்டியலிலிருந்து வந்தது. நூற்றுக்கு 0.15 கரி, ஒன்றேகால் முதல் ஒன்றரை வரை குரோமியம், ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக மாலிப்டினம், கால் அளவு வனேடியம். 975 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி எண்ணெயில் குளிர்வித்து, பிறகு 600 டிகிரிக்கு மேல் பதப்படுத்தினால் ஆயிரம் மெகாபாஸ்கல் இழுவலிமை கிடைக்கும். அப்துல் கலாமைத் திட்ட இயக்குநராகக் கொண்ட அந்த ராக்கெட்டின் நான்கு கட்டங்களில் முதல் இரண்டும் இந்த எஃகில் ஆனவை. மேல் இரண்டும் இழை சுற்றிப் பிசினில் தோய்த்தவை. முதல் கட்டத்தின் உறை ஒரு மீட்டர் குறுக்களவில் மூன்று துண்டுகளாகச் செய்யப்பட்டது.

இந்த எஃகைத் தேர்ந்ததன் காரணம் அதன் குறைந்த கரி. அதே வலிமையை 0.30, 0.40 கரி உள்ள எஃகுகளிலும் இன்னும் எளிதாகப் பெறலாம். பற்றவைக்கும்போது அவை பழிவாங்கும். 15சிடிவி6இல் மார்டென்சைட் உண்டானாலும் அதன் கடினம், விக்கர்ஸ் என்னும் வேறோர் அளவுகோலில், 400ஐ ஒட்டி நின்றுவிடும். அதுவே, அதே அளவுகோலில், புளித்த வாயுக் குழாய்க்கு அனுமதித்த அளவை விட ஒன்றரை மடங்குக்கு மேல். பற்றவைப்புக்காரர்கள் வைத்திருக்கும் ‘கரிச் சமானம்’ கணக்கு ஒன்று உண்டு. கரியோடு மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கையும், குரோமியம், மாலிப்டினம், வனேடியத்தின் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கையும், நிக்கல், தாமிரத்தின் கூட்டுத்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கையும் கூட்ட வேண்டும். விடை 0.45ஐத் தாண்டினால் தகட்டை முன்சூடாக்காமல் தொடாதே என்பது பொதுவான எச்சரிக்கை. 15சிடிவி6க்குப் போட்டுப் பார்த்தால் 0.8 வருகிறது.

ஆகவே, கட்டுப்பாடுகளெல்லாம் தேவைப்பட்டன. தகட்டை முன்சூடாக்குவது ஆறும் வேகத்தைக் குறைக்கும். உள்ளே போன ஹைட்ரஜன் வெளியேற நேரமும் தரும். ஃபிளக்ஸ் எதுவும் இல்லாமல் டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் கொண்டு செய்யும் டிக் வெல்டிங், ஈரத்துக்கான பெரிய வாசலை அடைத்துவிடும். ஃபில்லர் கம்பியைத் துடைத்து உலர வைப்பது, தகட்டின் விளிம்பிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவது, முடிந்த பற்றவைப்பை மறுபடி சூடாக்கித் தளர்த்துவது என்று பட்டியல் நீளும். ஆண்டில் இரண்டு பருவமழை பெறும் கடற்கரையில் இவை வெறும் சம்பிரதாயமல்ல. ஜூன் மாதத்துத் திருவனந்தபுரத்தில் திறந்து வைத்த எதுவும் சில மணி நேரத்தில் ஈரம் ஏறிவிடும். ஆர்கான் உருளையின் ரப்பர்க் குழாயும் அதில் அடக்கம்.

1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3இன் முதல் ஏவல் தோற்றது. காரணம் இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் வால்வு கசிந்தது. உறை குற்றவாளி அல்ல. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. 15சிடிவி6 தன் வேலையைச் செய்துவிட்டது.

1982இல் ஒப்புதல் பெற்ற பி.எஸ்.எல்.வி. கணக்கை மாற்றிப் போட்டது. முதல் கட்டத்தில் எஸ்.எல்.வி.-3 ஏற்றியது ஒன்பது டன் எரிபொருள். புதியது 125 டன் கேட்டது. பிறகு அது 138 டன்னாக உயர்ந்தது. குறுக்களவு 2.8 மீட்டர், உயரம் இருபது மீட்டர், ஐந்து துண்டுகள். 15சிடிவி6ஐயே வைத்துக்கொண்டால் சுவர் கிட்டத்தட்ட இரு மடங்கு தடிமனாக வேண்டும். அது எடைப் பிரச்சினை. அதைவிடப் பெரிது உருவப் பிரச்சினை. 2.8 மீட்டர் அகலமுள்ள மெல்லிய உருளையை 975 டிகிரியில் வைத்து எண்ணெய்த் தொட்டியில் இறக்கினால் அது வட்டமாகவே வெளியே வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. துண்டுகள் ஒன்றோடொன்று நாக்கும் பள்ளமுமாகப் பொருந்தி, சுற்றிலும் முளைகள் செருகி, இடையில் ரப்பர் வளையம் வாயுவைத் தடுக்க வேண்டும். கொஞ்சம் நெளிந்தாலும் அந்த மூட்டு கூடாது. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது அத்தகைய ஒரு மூட்டின் ரப்பர் வளையத்தால்தான் என்பதை அப்போது வேளியில் இருந்தவர்கள் மறந்திருக்க வழியில்லை.

விடை மாரேஜிங் எஃகு. அமெரிக்காவில் இன்கோ நிக்கல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1960ஐ ஒட்டிப் பிறந்தது. நூற்றுக்கு 18 நிக்கல், 8 கோபால்ட், 5 மாலிப்டினம், அரை அளவுக்கும் குறைவான டைட்டானியம். கரி 0.03ஐத் தாண்டக் கூடாது. அதாவது, எஃகைக் கடினமாக்கும் பொருளை எஃகிலிருந்தே விலக்கிவிட்டார்கள். இதிலும் மார்டென்சைட் உண்டாகிறது. எவ்வளவு மெதுவாக ஆறினாலும் உண்டாகிறது. எண்ணெய்த் தொட்டி வேண்டியதில்லை, காற்றில் வைத்தாலே போதும். ஆனால் கரியில்லாத மார்டென்சைட் மென்மையானது. ராக்வெல் சி 30ஐ ஒட்டி நிற்கும். வளைக்கலாம், கடையலாம், பற்றவைக்கலாம். எல்லா வேலையும் முடிந்த பிறகு 480 டிகிரியில் மூன்று மணி நேரம் உலையில் வைத்தால், நிக்கலும் மாலிப்டினமும் டைட்டானியமும் சேர்ந்த மிக நுண்ணிய துகள்கள் உள்ளே படிகின்றன. கடினம் 50ஐத் தொடும். வலிமை 1,700 மெகாபாஸ்கலை எட்டும். இந்தத் தரத்துக்கு எம்250 என்று பெயர். நீளத்திலும் வட்டத்திலும் மாற்றம் மயிரளவே.

விரிசல் தடுப்பின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். அதுவரை பற்றவைப்பும் கடினமாவதும் ஒரே நொடியில், ஒரே இடத்தில் நடந்தன. வெல்டரின் கைக்கு அடியில். மாரேஜிங் எஃகு இரண்டையும் காலத்தில் பிரித்து வைத்தது. பற்றவைக்கும்போது மென்மை, பல நாள் கழித்து வேறோர் உலையில் கடினம். கரிச் சமானக் கணக்கை இதற்குப் போட்டால் வேடிக்கையான விடை கிடைக்கும்: நிக்கல் மட்டும் 1.2, மாலிப்டினம் 1, ஆக இரண்டுக்கு மேல். அந்த விதிப்படி இந்த எஃகைப் பற்றவைக்கவே முடியாது. உண்மையில் முன்சூடு கூடத் தேவையில்லை. மாறாக, ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே தகடு அதிகம் சூடேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கரி எஃகுகளின் அனுபவத்திலிருந்து எழுந்த கணக்கு கரியில்லாத எஃகுக்குப் பொருந்தாது. விதியை மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

அதற்காக மாரேஜிங் எஃகைப் பற்றவைப்பது குழந்தை விளையாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு ஒரு பெரிய எச்சரிக்கை அமெரிக்காவிலேயே நடந்து முடிந்திருந்தது. 260 அங்குலம், அதாவது 6.6 மீட்டர் குறுக்களவில் ராட்சதத் திட மோட்டார் ஒன்றைச் செய்ய 1960களின் நடுவில் நாசா இரண்டு நிறுவனங்களிடம் கொடுத்தது. தயோக்கால் நிறுவனத்துக்கான உறையை வர்ஜினியாவின் நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளம் எம்250 எஃகில் பற்றவைத்தது. 1965 ஏப்ரலில் நீர் நிரப்பி அழுத்திச் சோதித்தபோது, எட்ட வேண்டிய அழுத்தத்தில் 56 சதவீதத்திலேயே உறை துண்டு துண்டாகச் சிதறியது. தோண்டிப் பார்த்ததில், பற்றவைப்பை ஒட்டிய பட்டையில் இருந்த ஒரு சிறு விரிசல் தொடக்கப் புள்ளி என்று தெரிந்தது. கையால் பழுது பார்த்த பற்றவைப்புக்கு அடியில் அது ஒளிந்திருந்தது; எக்ஸ்ரேயும் அல்ட்ராசோனிக்கும் பார்த்தும் சிக்கவில்லை. போட்டி நிறுவனமான ஏரோஜெட் சற்றே வலிமை குறைந்த, ஆனால் விரிசலைக் கூடுதலாகத் தாங்கும் தரத்தை எடுத்து டிக் வெல்டிங்கில் செய்தது. அந்த உறை தாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபுளோரிடாவில் எரியூட்டியும் பார்த்தார்கள். விரிசல் உள்ள பொருள் எந்த அளவு தாங்கும் என்று கணக்கிடும் முறிவு இயந்திரவியல் பாடத்தில் நியூபோர்ட் நியூஸ் உறை இன்றும் உதாரணமாக வருகிறது. வலிமை ஏற ஏற, பொறுத்துக்கொள்ளக்கூடிய விரிசலின் அளவு சுருங்கும். பழுது பார்த்த இடமே புதிய பழுதின் இடமாகலாம். வேளியின் பொறியாளர்கள் வேறொருவர் செலவில் பெற்ற பாடம் இது.

எஃகை விலைக்கு வாங்கிவிடலாம் என்ற வழியும் குறுகலானது. மாரேஜிங் எஃகு யுரேனியம் செறிவூட்டும் சுழற்கலங்களுக்கும் ஏவுகணைகளுக்கும் ஆகும் பொருள் என்பதால் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல்களில் அது இடம்பெற்றிருந்தது. 1973இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட மிஸ்ர தாது நிகாம், சுருக்கமாக மிதானி, இங்கே வருகிறது. விண்வெளிக்கும் அணுசக்திக்கும் பாதுகாப்புக்கும் வேண்டிய சிறப்பு உலோகங்களுக்கென்றே எழுந்த பொதுத்துறை ஆலை. எம்250ஐ அது எம்.டி.என்.250 என்ற பெயரில் வெற்றிடத்தில் ஒருமுறை உருக்கி, பிறகு வெற்றிட வில்லில் மறுபடி உருக்கித் தந்தது. வெற்றிடத்தின் வேலை, வாயுக்களை, குறிப்பாக ஹைட்ரஜனை, தொடக்கத்திலேயே இறக்கிவிடுவது. கந்தகமும் பாஸ்பரஸும் நூறில் ஒரு சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். கந்தகம் கூடினால் பற்றவைப்பு உறையும்போதே சூட்டில் பிளக்கும். அவ்வளவு அகலத் தகட்டை உருட்டும் ஆலை மிதானியிடம் இல்லாததால் பாளங்கள் ரூர்கேலா எஃகு ஆலைக்குப் போய்த் தகடாயின. தகடுகளை உருளையாக வளைத்துப் பற்றவைக்கும் வேலையை மும்பை பவாயில் எல் அண்ட் டியும் புனே மாவட்டத்தின் வால்சந்த்நகர் தொழிற்சாலையும் எடுத்துக்கொண்டன. சர்க்கரை ஆலை எந்திரங்களுக்குப் பேர்போன வால்சந்த்நகர் ராக்கெட் உறைக்கு வந்ததில் வியப்பில்லை. பெரிய தகட்டை வட்டமாக வளைத்துக் கசியாமல் பற்றவைப்பது கொதிகலனுக்கும் பொதுவான கைத்தொழில். மாறியது துல்லியமும் சோதனையும். அதை வகுத்துக் கொடுத்து, ஒவ்வொரு படியிலும் கூடவே நின்று பார்த்தது திருவனந்தபுரம்.

ஒரு துண்டு உறை உருவாகும் விதம் இது. தகட்டை வளைத்து நெடுக்காக ஒரு பற்றவைப்பு; அது ஒரு வளையம். வளையங்களைக் கோத்துச் சுற்றுவட்டமாகப் பற்றவைப்பு. இரு முனைகளிலும், உலையில் அடித்துக் கடைந்த தடித்த மூட்டு வளையங்கள். எட்டு மில்லிமீட்டர் தகட்டுக்கும் பல அடுக்கு வேண்டியிருக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் பிறகு ஆறவிட்டு, துருப்பிடிக்காத கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, பிறகே அடுத்தது. அவசரப்பட்டு வெப்பத்தைக் கொட்டினால் இரண்டு கோளாறு உண்டு. உருகி உறையும் உலோகத்தில் மாலிப்டினம் ஓரிடத்தில் ஒதுங்கும். உலையில் வைக்கும்போது அந்த இடங்கள் மார்டென்சைட்டை விட்டு ஆஸ்டெனைட் என்னும் வேறு அமைப்புக்குத் திரும்பிச் சிறு குட்டைகளாக நிற்கும். விரிசல் அந்தக் குட்டைகளைத் தொட்டுத் தொட்டு ஓடும். இரண்டாவது, பற்றவைப்புக்குச் சற்றுத் தள்ளி 600 டிகிரியைத் தாண்டிய ஓர் ஒடுங்கிய பட்டை. அமிலம் தடவிப் பார்த்தால் கருங்கோடாகத் தெரியும். அங்கே கடினம் சற்று இறங்கும். ஆக, பற்றவைப்பின் வலிமை தகட்டுக்கு மிக அருகே வந்தாலும், விரிசலைத் தாங்கும் திறன் எப்போதும் ஒரு படி கீழேதான். அதை மனத்தில் வைத்து ஃபில்லர் கம்பியின் கலவையைத் தகட்டிலிருந்து சற்றே மாற்றினார்கள். ஓரிடத்தை எத்தனை முறை பழுது பார்க்கலாம் என்பதற்கும் வரம்பு வைத்தார்கள். பழுது பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதே இடம் மறுபடி சூடேறுகிறது என்பதுதான் காரணம்.

பிறகு சோதனை. எக்ஸ்ரே வாயுத் துளைகளையும் ஃபில்லர் சேராத இடங்களையும் காட்டும். கதிரின் திசைக்குக் குறுக்கே படுத்த மெல்லிய விரிசலை அது காட்டாது. அதற்கு அல்ட்ராசோனிக். மேற்பரப்பில் திறந்த விரிசலுக்குச் சாயம். நியூபோர்ட் நியூஸில் இவற்றில் இரண்டு செய்தும் ஒன்று தப்பியதால், நான்காவதாக ஒன்று: உறையில் நீர் நிரப்பி, பறக்கும்போது வரும் அழுத்தத்தை விடக் கூடுதலாக அழுத்திப் பார்ப்பது. வெளியே ஒலி உணரிகளை ஒட்டி, விரிசல் வளர்ந்தால் எழும் நுண்ணொலியைக் கேட்டுக்கொண்டே அழுத்தத்தை ஏற்றுவார்கள். அகௌஸ்டிக் எமிஷன் எனப்படும் இந்த முறையில் வேளியில் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. சோதிக்கும் நீரே ஆபத்தானது என்பது இதில் ஒரு முரண். 50 ராக்வெல் கடினத்தில் இந்த எஃகு ஈரத்திலும் உப்பிலும் மெல்ல வெடிக்கக் கூடியது. எனவே நீரில் துருத் தடுப்பு மருந்து சேர்ப்பதும், சோதனை முடிந்ததும் தாமதிக்காமல் உலர்த்துவதும் வழக்கம். புளித்த வாயுக் குழாயின் கவலை வேறு வேடத்தில் இங்கேயும் வந்துவிடுகிறது.

1989 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவில் பி.எஸ்.எல்.வி. முதல் கட்டத்தைத் தரையில் கட்டி எரித்துப் பார்த்தார்கள். அன்று உலகின் மிகப் பெரிய திட மோட்டார்களின் வரிசையில் அதற்கு இடம் உண்டு. 1993 செப்டம்பர் 20 அன்று நடந்த முதல் ஏவல் தோற்றது. ஆனால் முதல் கட்டம் தன் பங்கைச் சரியாக முடித்துவிட்டே கழன்றது. 1994 அக்டோபர் 15 அன்று இரண்டாம் ஏவல் வென்றது. பறந்த உறைகள் கடலில் விழுவதால் அவற்றை எடுத்து ஆராய வழியில்லை. தரையில் எரித்த உறைகள் மட்டுமே பிறகு வெட்டிப் பார்க்கக் கிடைத்தன.

நிக்கலும் கோபால்ட்டும் விலை மிகுந்தவை, பெரும்பாலும் இறக்குமதியானவை. அதனால் வேளியில் மற்றொரு வழியையும் முயன்றார்கள். 0.3 சதவீதக் கரியோடு குரோமியம், மாலிப்டினம், வனேடியம் சேர்த்து, மின்கசடு முறையில் மறுபடி உருக்கித் தூய்மை செய்த எஃகு அது. வலிமை மாரேஜிங்குக்கு அருகே வந்தது; செலவு மிகக் குறைவு. ஆனால் கரி திரும்பியதால் கரியின் தொல்லைகளும் திரும்பின. முன்சூடு, பற்றவைத்த கையோடு மறுசூடு, ஈரக் கட்டுப்பாடு என்று 15சிடிவி6இன் பட்டியல் முழுவதும், இன்னும் கண்டிப்பாக. பெரிய மோட்டார்களில் மாரேஜிங் எஃகின் இடத்தை அது பிடிக்கவில்லை.

அடுத்த படி எஸ்200. எல்.வி.எம்.3 ராக்கெட்டின் இருபுறமும் நிற்கும் இந்த மோட்டாரில் ஒவ்வொன்றும் 200 டன்னுக்கு மேல் எரிபொருள் கொள்ளும். குறுக்களவு 3.2 மீட்டர், மூன்று துண்டுகள், எஃகு அதே எம்250. 2010 ஜனவரி 24 அன்று முதல் தரைச் சோதனை. 2014 டிசம்பர் 18 அன்று முதல் பறப்பு. ககன்யான் திட்டத்துக்காக மனிதர் பயணத்துக்குத் தகுதியாக்கிய வடிவத்தை 2022 மே 13 அன்று சோதித்தார்கள். இருபது ஆண்டுகளில் குறுக்களவு நாற்பது சென்டிமீட்டர்தான் கூடியது. பற்றவைப்பு முறை ஏற்கெனவே நிலைத்துவிட்டிருந்ததால், இந்த முறை பெரும் பாய்ச்சல் எதுவும் தேவைப்படவில்லை.

15சிடிவி6 ஓய்வு பெறவும் இல்லை. எஸ்.எல்.வி.-3இன் முதல் கட்டமே, அதே ஒரு மீட்டர் குறுக்களவில், பி.எஸ்.எல்.வி.யின் பக்கத்தில் கட்டும் துணை மோட்டாராக மாறியது. 2008 அக்டோபர் 22 அன்று சந்திரயான்-1ஐ ஏற்றிச் சென்ற எக்ஸ்.எல். வடிவத்தில் அது நீண்டு, 12 டன் எரிபொருள் கொண்டு, ஆறு எண்ணிக்கையில் நின்றது. நடுவில் உள்ள பெரிய உறை 480 டிகிரியில் வெந்து கடினமான நிக்கல் எஃகு. சுற்றிலும் நிற்கும் ஆறும் எண்ணெயில் குளிர்ந்த குரோமியம் எஃகு. முன்னதற்கு முன்சூடு கூடாது, பின்னதற்கு முன்சூடு இல்லாமல் ஆகாது. இரண்டுக்குமான பற்றவைப்பு நடைமுறைத் தாள்கள் ஒரே ராக்கெட்டின் கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.